நீங்கள் எழுதிய கம்ப்யூட்டர் கோடில் எதைக் காட்டி "இது நான் செய்தது" என்பீர்கள்?

ராத்திரி_பேட்ச்

ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் நிலை வைத்தார்கள். ஆசாரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நிலையைத் தூக்கி நிறுத்துவதற்கு முன்னால் என்னை மட்டும் கூப்பிட்டு அதன் பின்பக்கத்தைக் காட்டினார். சுவருக்குள் போய் மறையப்போகிற பக்கம் அது. அங்கே உளியால் தன் பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் கொத்தி வைத்திருந்தார். "யாரும் பார்க்க மாட்டாங்க தம்பி, ஆனா இருக்கும்" என்றார். அப்புறம் சும்மா பேச்சுக்குக் கேட்பது போல, "நீங்க கம்ப்யூட்டர்ல என்ன செய்றீங்க?" என்றார். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் என்றேன். "நீங்க செஞ்சதா?" இல்லை, யாரோ செய்து வைத்ததைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "ஓ, வாட்ச்மேன் மாதிரி" என்றார். கிண்டலே இல்லை. புரிந்துகொண்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது, அதுதான் இன்னும் குத்துகிறது.

சென்னை ஓஎம்ஆரில் 12 வருஷம், ஒரே கம்பெனி, ஒரே அமெரிக்க கிளையண்ட், மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர், கோபால் (COBOL) என்கிற பழைய புரோகிராம் மொழி. நான் பிறப்பதற்கு முன் எழுதிய புரோகிராம்கள். இரவில் மொத்தமாகக் கணக்கு முடிக்கும் பேட்ச் ஜாப் ஓடும், அபெண்ட் ஆனால், அதாவது பாதியில் நின்றுபோனால், எழுந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் சாக் செவன், அதாவது எண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடமோ எழுத்தோ வந்து உட்கார்ந்திருக்கும், அதைச் சரிசெய்து ஜாபை மறுபடி ஓட விட்டுத் தூங்கப் போவேன். சம்பளம் பரவாயில்லை, மேனேஜர் நல்ல மனிதர், குறை என்று எதுவும் இல்லை. ஆனால் 12 வருஷத்தில் "இது நான் செய்தது" என்று விரல் நீட்ட ஒன்றும் இல்லை. உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள். மோட்டிவேஷன் பேச்சு வேண்டாம், அது எங்கள் எச்ஆர் மாதம் ஒருமுறை தருகிறார்.

இஎம்ஐ_மட்டும்

நண்பா, அந்த நிலைக்கு மரம் எந்தக் காசில் வந்தது? சாக் செவன் காசில். அந்த வீடுதான் நீங்கள் செய்தது, அதன் பின்பக்கம் உங்கள் பெயரைக் கொத்திக்கொள்ளுங்கள், முடிந்தது விஷயம்.

வேலையில் அர்த்தம் தேடுவது நம் ஆட்களுக்குப் புதிதாகப் பிடித்த வியாதி. என் அப்பா 34 வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தார். டிக்கெட் கிழிப்பதில் பெருமை இருக்கிறதா என்று ஒரு நாளும் அவர் உட்கார்ந்து யோசித்ததில்லை.

ரெண்டாயிரத்துக்காரன்

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் ஒய்டூகே, அதாவது 2000ஆம் வருஷத் தேதிப் பிரச்சினைத் தலைமுறை. அந்தக் கதை இப்போதைய பிள்ளைகளுக்கு ஒரு ஜோக். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் நினைவகம் விலை அதிகம், அதனால் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் வைத்தார்கள். 67 என்றால் 1967. 99 வரை வண்டி ஓடும், 00 வந்ததும் 1900 என்று எடுத்துக்கொள்ளும். வட்டிக் கணக்கு, வயது, பாலிசி முடியும் தேதி எல்லாம் தலைகீழ். 1997 கடைசியில் நான் சேர்ந்தபோது மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்து, தேதி எங்கெல்லாம் வருகிறது என்று வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தோம். தேதி என்று பெயர் வைத்திருந்தால் தேடிவிடலாம். எவனோ ஒருத்தன் அந்த ஃபீல்டுக்குத் தன் நாயின் பெயரை வைத்திருந்தான், சத்தியமாக.

எல்லா ஃபைலையும் நான்கு இலக்கத்துக்கு மாற்ற நேரமில்லாத இடத்தில் விண்டோயிங் செய்தோம்: 00 முதல் 29 வரை வந்தால் 2000க்குப் பின், 30 முதல் 99 வரை என்றால் 1900க்குப் பின். அதாவது பிரச்சினையைத் தீர்க்கவில்லை, அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டோம். (2030இல் யாராவது என்னைத் திட்டினால் இப்போதே மன்னிப்பு.) இது போக இன்னொரு கண்ணி. நூறால் வகுபடும் வருஷம் லீப் இல்லை என்று பாதி அறிவோடு எழுதியவர்கள் இருந்தார்கள். ஆனால் 2000 நானூறாலும் வகுபடும், எனவே அது லீப் வருஷம்தான். அப்படி ஓர் இடத்தை நான் பிடித்தேன். அந்த வருஷம் பிப்ரவரி 29 அன்று அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் விஷயம். டிசம்பர் 31 ராத்திரி முழுக்க ஆபீஸில் இருந்தோம், கேன்டீனில் புளியோதரை. நியூயார்க்கில் நள்ளிரவு ஆகும்போது நமக்கு காலை பத்தரை. பத்தரை ஆனது, பத்தே முக்கால் ஆனது, எல்லா ஸ்கிரீனும் அப்படியே இருந்தது. கிளையண்ட் பக்கத்திலிருந்து ஒருவர் போனில் "ஹாப்பி நியூ இயர்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மறுநாளிலிருந்தே பேச ஆரம்பித்துவிட்டார்கள், ஒய்டூகே என்பதே ஏமாற்று, கம்ப்யூட்டர்காரன் காசு பார்க்கக் கிளப்பிவிட்ட பூதம் என்று. இன்று வரை எங்கள் மாமா கல்யாண வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறு என்ன செய்ய. ஆனால் ராத்திரி_பேட்ச் தம்பி, எனக்கு விரல் நீட்ட ஓர் இடம் இருக்கிறது என்றால், அது அந்தப் பத்தரைக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவில் இருக்கிற கால் மணி நேரம்தான்.

கொல்லிமலை_அடிவாரம்

நீங்கள் எல்லாரும் பெரிய கம்பெனி. நான் நாமக்கல்லில் தனி ஆள். காலேஜ் முடித்து சென்னையில் மூன்று வருஷம் இருந்தேன், ஒத்துவரவில்லை, வந்துவிட்டேன். இப்போது கோழிப்பண்ணைக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்.

ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு நோட்டு இருக்கும். உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை, தீவனம் எத்தனை மூட்டை, முட்டை எத்தனை ட்ரே. முட்டைக் கோழி ஒன்றுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் போகும், அது குறைந்தால் ஏதோ சரியில்லை. இதெல்லாம் பண்ணைக்காரருக்கு மனசிலேயே ஓடும், ஆனால் ஷெட் எட்டு, பத்து என்று ஆகும்போது ஓடாது. நான் செய்தது ஒன்றும் ராக்கெட் இல்லை. சூப்பர்வைசர் போனில் நான்கு எண் அடிப்பார், நேற்றோடும் போன வாரத்தோடும் ஒப்பிட்டு ஏதாவது சரிந்தால் ஓனருக்கு மெசேஜ் போகும். அவ்வளவுதான்.

போன சித்திரையில், வெயில் கொளுத்துகிற நேரம், ஒரு பண்ணையில் மூன்றாம் ஷெட்டில் தீவனம் குறைவதாக மெசேஜ் போயிருக்கிறது. ஓனர் போய்ப் பார்த்தால் ஒரு வரிசைக்குத் தண்ணீர் லைன் அடைத்துக் கிடந்திருக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் கோழி தீவனமும் எடுக்காது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அந்த வரிசையே போயிருக்கும். அவர் எனக்குப் போன் செய்து நன்றி எல்லாம் சொல்லவில்லை. "தம்பி, அந்த மெசேஜ் காலைல ஆறு மணிக்கே வர்ற மாதிரி பண்ணு" என்றார். வீட்டுக்கு மூன்று ட்ரே முட்டை அனுப்பினார், தொண்ணூறு முட்டை, நாங்கள் இருப்பது மூன்று பேர்.

சென்னையில் இருந்தபோது யாருக்காக எழுதுகிறேன் என்று தெரியாது. இங்கே பட்டன் சின்னதாக இருந்தால் சூப்பர்வைசர் நேரில் வந்து திட்டுவார். வருமானம் பாதிதான். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இஎம்ஐ அண்ணன் வந்து கேட்பார்.

இஎம்ஐ_மட்டும்

கேட்கத்தான் வந்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். 😀

பிழைதேடி

நான் டெஸ்டர். கோயம்புத்தூர். இந்த இழையில் டெவலப்பர்கள் மட்டும் பெருமையைப் பற்றிப் பேசுவதைப் பார்த்து உள்ளே வந்தேன்.

எனக்குப் பெருமை என்ற சொல்லின் மேலேயே கொஞ்சம் சந்தேகம் உண்டு. காரணம் சொல்கிறேன். பிரிட்டனில் தபால் துறைக்கு ஹொரைசன் என்று ஒரு கணக்கு சாஃப்ட்வேர், 1999இலிருந்து கிளை கிளையாக வைத்தார்கள். ஃபுஜிட்சு செய்தது. அதில் பிழைகள் இருந்தன, இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. தபால் நிலையம் நடத்திய சாதாரண ஆட்கள், ஊரில் கடையும் சேர்த்து நடத்துபவர்கள், கைக்காசைப் போட்டுக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் ஜெயிலுக்கே போனார்கள். கணினி சரியாகத்தான் வேலை செய்யும் என்று அந்த நாட்டுச் சட்டம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டது, பிழை இருக்கிறது என்று நிரூபிக்கும் பாரம் அந்தக் கடைக்காரர் தலையில். 2019இல்தான் உயர்நீதிமன்றம் சாஃப்ட்வேரில் பிழை இருந்ததை ஒத்துக்கொண்டது. 2024இல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். அதற்குள் எத்தனை பேர் செத்தே போனார்கள்.

அந்தக் கோடை எழுதியவர்களிலும் யாராவது ஒருவர் வீட்டில் "பெரிய ப்ராஜெக்ட், நாடு முழுக்க ஓடுகிறது" என்று சொல்லியிருப்பார்தானே? அதனால்தான் கேட்கிறேன், நாடு முழுக்க ஓடுவதில் என்ன பெருமை. தப்பு என்று ஒருவர் வந்து சொன்னால் காது கொடுக்கிற இடமாக உங்கள் டீம் இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

இதற்கு நேர் எதிரான ஆளும் உண்டு. டொனால்ட் க்னூத் என்ற பேராசிரியர், டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியவர். தன் புத்தகத்தின் புதிய பதிப்பு அச்சில் அசிங்கமாக வந்தது பிடிக்காமல் 1970களின் கடைசியில் ஆரம்பித்தார். அவருடைய புத்தகத்தில் பிழை கண்டுபிடித்துச் சொன்னால் 2008 வரை 2 டாலர் 56 சென்ட்டுக்கு செக் அனுப்பிவந்தார், 256 சென்ட், கம்ப்யூட்டர் கணக்கில் அது ஒரு ரவுண்டு எண், நம் ஆட்களுக்குப் புரியும். வாங்கியவர்கள் பலர் பேங்கில் போடாமல் ஃபிரேம் போட்டு மாட்டிவைத்தார்கள். நான் இங்கே பிழை சொன்னால் டெவலப்பர் "என் மெஷினில் வேலை செய்கிறதே" என்கிறார். எனக்கு இரண்டரை டாலர் வேண்டாம், அந்த ஒரு வசனம் இல்லாமல் ஒரு வாரம் போனால் போதும்.

ராத்திரி_பேட்ச்

அக்கா, அந்த வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன். மன்னிக்கவும்.

புதுசு_23

நான் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. நீங்கள் எல்லாம் "நான் எழுதியது" என்று சொல்ல ஏதாவது வைத்திருக்கிறீர்கள். நான் எழுதுவதில் பாதிக்கு மேல் ஏஐ எழுதுகிறது. நான் கேட்கிறேன், அது தருகிறது, நான் ஒட்டுகிறேன், டெஸ்ட் பாஸ் ஆனால் அனுப்புகிறேன். போன மாதம் லீடு என் கோடைப் பாராட்டினார், எனக்கு என்ன முகம் வைப்பதென்று தெரியவில்லை. ஹோட்டல் சாம்பாரை வாங்கிப் பாத்திரம் மாற்றி வைத்துவிட்டு, வீட்டுச் சாம்பார் பிரமாதம் என்று பாராட்டு வாங்குகிற மாதிரி இருந்தது.

ரெண்டாயிரத்துக்காரன்

தம்பி, சாம்பார் உவமை நன்றாக இருக்கிறது, அதை நீதானே எழுதினாய்?

ஒன்று சொல்கிறேன். 2024 மார்ச்சில், ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்று ஒருவர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆள், ஏதோ வேகம் அளந்துகொண்டிருந்தபோது சர்வருக்குள் நுழைவதற்கு அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடி! நானாக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்பேன். அவர் விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்கிற, லினக்ஸ் எங்கும் இருக்கும், ஃபைலைச் சுருக்குகிற மென்பொருளில் யாரோ திட்டம் போட்டு, ரகசியமாக உள்ளே நுழையப் பின்வாசல் வைத்திருந்தது வெளியே வந்தது. பெரிய லினக்ஸ் தொகுப்புகளின் நிலையான பதிப்புகளுக்குள் அது போவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். அங்கே அவர் எழுதிய கோடு என்று பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. அரை நொடியை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். அது தருகிறதை ஒட்டுகிறாயே, அதில் எந்த வரி உனக்கு உறுத்துகிறது என்று பார். ஒன்றும் உறுத்தவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒற்றைக்கொம்பு

தாமதமாக வருகிறேன். எனக்கு விரல் நீட்ட ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் என் மனைவியே கொட்டாவி விடுகிறாள், இங்கேயாவது கேட்பீர்கள் என்று எழுதுகிறேன்.

தெரிந்த ஒரு கல்லூரி நூலகம். அட்டவணையில் "கொடுமணல்" என்று தேடினால் ஒன்றும் வராது, ஆனால் அந்த அகழாய்வு பற்றிய புத்தகம் அலமாரியில் இருக்கிறது, நூலகர் கையில் எடுத்தே காட்டினார். திரையில் "கொ" என்று ஒரே மாதிரி தெரியும். ஆனால் யூனிகோடில், அதாவது கம்ப்யூட்டரில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையில், அதை இரண்டு விதமாக வைக்கலாம்: க-வும் ொ என்ற ஒரே குறியும், அல்லது க, அப்புறம் கொம்பு, அப்புறம் துணைக்கால் என்று மூன்று துண்டாக. இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடு சொல்கிறது. ஆனால் புரோகிராமிடம் யாராவது சொன்னால்தானே அதற்குத் தெரியும். பழைய பதிவுகள் யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களில் அடித்தவை (ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ஃபான்ட் இறக்கிய காலம் நினைவிருக்கிறதா?), அதில் கொம்பு முன்னால், எழுத்து நடுவில், கால் பின்னால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். மாற்றியவர்கள் கொம்பை நகர்த்திவிட்டுக் காலைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரே ஒரு வரி போதும். போட்டேன், கொடுமணல் கிடைத்தது, கொற்கையும் கிடைத்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத் திமிர். பலபேர் "கௌரி" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு ள அடித்துவிடுவார்கள், பார்க்க அப்படியே இருக்கும். சரி இதையும் ஒரே அடியில் முடிப்போம் என்று, கொம்புக்குப் பின் ள வந்தால் எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்று என்று ஓடவிட்டேன். அரை மணி கழித்து நூலகர் போன்: "சார், ஒரு புத்தகத்துக்கும் வெளியீடு காட்ட மாட்டேங்குது." யோசித்துப் பாருங்கள், "வெளியீடு" என்ற சொல்லிலேயே கொம்புக்குப் பின் ள இருக்கிறது! தெளிவு, வெளி, கெளுத்தி மீன் வரைக்கும் எல்லாம் போச்சு. அன்று மதியம் முழுக்க அந்த நூலகத்தில் தமிழ்ப் பதிப்பகமே கிடையாது.

பேக்கப் இருந்தது, பிழைத்தேன். அப்புறம் ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றினேன். பத்து ஞாயிற்றுக்கிழமை. காசு கிடையாது. நூலகர் மசால் வடை வாங்கித் தந்தார்.

இதில் என்ன அர்த்தம் என்று கேட்டால் எனக்கு நீளமாகச் சொல்லத் தெரியாது. "மௌனம்" என்று தேடுகிற பிள்ளைக்கு மௌனம் கிடைக்கிறது.

பிழைதேடி

வெளியீட்டைக் காணாமல் அடித்த கதைக்கு 2 டாலர் 56 சென்ட் என் பங்கு.

இஎம்ஐ_மட்டும்

சரி, நானும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அப்பாவைப் பற்றி மேலே எழுதியது முழு உண்மை இல்லை. ரிட்டயர் ஆன பிறகும், எங்கள் ரூட்டில் எந்த ஸ்டேஜுக்கு எவ்வளவு டிக்கெட் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். கணக்கு ஒரு நாளும் அஞ்சு பைசா இடித்ததில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் யோசிக்கவில்லை என்பது சரி. பெருமை இல்லை என்பது தப்பு.

இருந்தாலும் கிளையண்டுக்கு நாம் எக்செல்லில் ஒரு வரி என்பதில் நான் மாறவில்லை. அப்ரைசல் அன்று யாரும் கொடுமணலைக் கேட்கப்போவதில்லை.

ராத்திரி_பேட்ச்

நான்கு நாள் கழித்து வருகிறேன். கொல்லிமலை நண்பர் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று செய்தேன். கிளையண்ட் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார், ஓய்வு பெறும் வயது, வேலை டிக்கெட் தவிர வேறு எதுவும் அவரிடம் நான் பேசியதில்லை. வழக்கமான போன் காலின் கடைசியில், நம்முடைய மூன்று மணி ஜாப் ஒரு ஃபைல் உருவாக்குகிறதே, அது எங்கே போகிறது என்று கேட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவருக்கே ஆச்சரியம், கொஞ்ச நேரம் பேசவில்லை.

அது பேங்குக்குப் போகிறதாம். விபத்திலோ நோயிலோ வேலைக்குப் போக முடியாமல் ஆனவர்களுக்கு மாதாமாதம் வருகிற பணம். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஃபைல் போய்ச் சேரவில்லை என்றால் அவர்களுக்கு ஒரு நாள் தள்ளிப் போகும், அது வெள்ளிக்கிழமையாக இருந்தால் திங்கள். "வீட்டு வாடகை நாளில் அது பெரிய விஷயம்" என்றார்.

ஃபைலின் கடைசியில் ட்ரெய்லர் ரெக்கார்ட் என்று ஒன்று இருக்கும். மேலே எத்தனை வரி இருக்கிறது என்ற எண்ணிக்கை அதில் வரும். அது டேலி ஆகிறதா என்று தினமும் பார்ப்பது என் வேலை. நாற்பதாயிரத்துச் சொச்சம். அந்த எண்ணை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், டேலி ஆனது, தூங்கப் போனேன். அது ஆட்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்று. எங்கள் புரோகிராம் ஒவ்வொன்றின் தலைப்பிலும் யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று குறித்துவைக்கும் வழக்கம். 1987இல் ஒருவர், 1994இல் ஒருவர், பெயரின் முதல் எழுத்துகளும் தேதியும். அவர்கள் யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது. நேற்று ராத்திரி சும்மா தேடிப் பார்த்தேன், என் எழுத்துகள் 61 இடத்தில் இருக்கின்றன. ஆசாரியிடம் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. வாட்ச்மேன் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறான் என்பார்.

இஎம்ஐ_மட்டும்

அதெல்லாம் இருக்கட்டும், நேற்று ஃபைல் போனதா?

ராத்திரி_பேட்ச்

3.10க்கு அபெண்ட். சாக் செவன்தான், யாரோ ஒருவரின் தொகை இருக்க வேண்டிய இடம் காலியாக வந்திருந்தது. அதைச் சரிபார்த்துப் போட்டு மறுபடி ஓடவிட்டேன். 3.40க்குப் போனது, டேலி.